ஆடு மோந்து பார்த்த பழம்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் நேற்று ஒரு படம் வந்தது. கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஏதோ செடி, கொத்தாக மஞ்சள் பழங்கள். கீழே, "இதைக் குழந்தைகள் சாப்பிடலாமா?" என்ற கேள்வி. அதற்கும் கீழே என் பெயர். நான் தாவரவியல் பட்டதாரி என்பதை யாரோ இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நானே மறக்க முயன்றுவரும் விஷயம்.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் நான் பார்த்த மரங்களெல்லாம் காய்ந்து, தட்டையாகி, அட்டையில் ஒட்டப்பட்டவை. நிற்கிற மரம் எனக்குப் பழக்கமில்லை. பட்டத்தோடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு ஸ்டோர் கீப்பராகப் போனேன். போல்ட்டுகளை இனம்பிரிக்கத் தாவரவியல் உதவும் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பட்டறையில் எப்போதும் எண்ணெய் வாடை. சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து தப்பிக்கப் பின்சுவர் தாண்டிக் காலி மனைக்குப் போவோம். இலந்தையும் கொடுக்காப்புளியும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய இடம். சோற்றுக்குப் பிறகு எதையாவது பறித்து வாயில் போடாவிட்டால் லேத் ஓட்டும் ஏகாம்பரத்துக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அன்று அவர் ஒடித்துவந்தது, எங்களில் யாருக்கும் தெரியாத மரத்துக் கிளை. பழங்கள் மஞ்சளாக, கோலிக்குண்டு போல.

"இன்னா சார், இத்தத் துன்னலாமா? ஊட்ல வள்ளிக்கு ஆறாவது மாசம். வாய்க்கு எதுனா கேட்டுகினே கீது."

இலையில் வேம்பின் சாயல். அட்டை ஞாபகம் வந்தது. மலைவேம்பு! வேப்பம்பழத்தைச் சிறுவயதில் சப்பியிருக்கிறோம், இது அதே குடும்பம், ஆகவே... மனிதக் குடும்பங்களிலேயே செல்லாத இந்தத் தர்க்கத்தை நம்பி, "தாராளமா சாப்பிடலாம்" என்றேன்.

"படிச்சவரே சொல்லிட்டாரு மாமே!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, ஏகாம்பரம் பழங்களைக் கர்சீப்பில் முடிந்துகொண்டார். "மொதல்ல அவளுக்கு. அப்பறந்தான் நமக்கு."

மாலையில் அறைக்கு வந்து பழைய பாடநூலைப் புரட்டினேன், என் மேதைமையைச் சற்று ரசிக்க. குடும்பம் சரியாகவே இருந்தது. அடுத்த வரியில், பழம் நஞ்சு என்று இருந்தது.

ஏகாம்பரம் குடியிருந்த கள்ளிக்குப்பத்துக்கு அன்று நான் சைக்கிள் மிதித்த வேகத்தில் அதற்குப் பிறகு எதையும் செய்ததில்லை.

வாசலில் ஏகாம்பரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே, இடுப்பில் கைவைத்தபடி வள்ளி. காலடியில் விரித்த கர்சீப், பழங்கள், ஓர் ஆடு.

"சாப்டுட்டீங்களா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் அந்தப் படிச்சவரா?" என்றார் வள்ளி. "எங்கம்மாகூட கழனிக்குப் போன காலத்துலயே இத்தத் தொடாதனு சொல்லும். இந்த ஆளு கேட்டாத்தானே? சார் சொன்னாரு, சார் சொன்னாருன்றாரு. சரினு ஆட்டாண்ட போட்டேன். மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அதுக்குக் கீற அறிவு..."

மீதியை மரியாதைக்காக விட்டுவிட்டார். உள்ளே போய் ஒரு பிடி கொடுக்காப்புளி கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது கொடுக்காப்புளி சார். தெகிரியமா துன்னுங்க."

தின்றேன். இருந்த பதற்றத்தில் கொட்டையையும் சேர்த்து.

அந்தக் காலி மனை இப்போது ஒரு கிடங்கு. வள்ளி நின்ற வாசலில் மூன்று மாடி எழும்பியிருக்கிறது. ஆடு கட்ட அங்கே இடமில்லை.

குழுவில், "எனக்குத் தெரியாது, சாப்பிட வேண்டாம்" என்று பதில் போட்டேன். "அப்புறம் யாரைத்தான் சார் கேட்பது?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. எங்கள் அடுக்ககத்தில் வள்ளி இல்லை. ஆடும் இல்லை.