களுதாவளையில் விழுந்த பிரேக்

என் வேலை என்னவென்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். மட்டக்களப்பு நகரத்தில் ஓர் ஏசி அறை, அதற்குள் ஒரு கதிரை, ஸ்டியரிங், பெரிய திரைகள். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பயணிகள் வானின் சாரதி ஆசனத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் இங்கிருந்தபடியே ஓட்டுவேன். பரீட்சார்த்த ஓட்டமாம், கம்பனிக்காரர் அப்படித்தான் சொல்கிறார்கள். முன்பு நிஜ வான் ஓட்டியவன் நான். பள்ளம் வந்தால் முதலில் என் இடுப்புக்குத்தான் தெரியும். இந்தக் கதிரைக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அக்காவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு விட்டார்கள். குலுங்கக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பஸ்ஸில் நசிபட்டுப் போவானேன் என்று, என் வானில் ஏறும்படி போனில் சொன்னேன்.

"ஆளில்லாத வண்டியில நான் ஏறமாட்டன்."

"நான்தானே ஓட்டுறன் அக்கா. சும்மா ஏறு."

"அப்ப சரி. நீ எண்டாப் பயமில்ல."

வழி முழுக்கப் பூப்போலக் கொண்டுபோனேன். எப்படி இருக்கு என்று ஒலிவாங்கியில் கேட்டேன். "தொட்டில் மாதிரிக் கிடக்கு தம்பி" என்றாள். பெருமையாக இருந்தது, சொல்ல என்ன வெட்கம்.

களுதாவளை வந்தது. பிள்ளையார் கோயிலுக்குத் திரும்பும் இடத்தைக் கண்டால் எங்கள் பக்கத்துச் சாரதிகள் வேகத்தைக் குறைத்து ஒரு கணம் கும்பிடுவார்கள். ஏறியிருக்கும் சனமும் கும்பிடும். திரையில் அந்த இடம் தெரிந்ததும் என் கைகள் தாமாகவே ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டன. கை விலகினால், சாரதிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வான் தானாகப் பிரேக் போட்டுவிடும். அதை எனக்குச் சொல்லித்தான் தந்திருந்தார்கள், பாழாய்ப்போன என் பழக்கத்துக்குத்தான் அது ஏறவில்லை.

வானுக்குள் இருந்த கமராவில் பார்த்தேன். அக்காவும் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வான் சடாரென்று பிரேக் போட, அப்படியே முன் சீட்டில் முகம் மோத விழுந்தாள். "எண்ட பிள்ளையாரே!" என்று கத்தியது கேட்டது. என் கதிரை அசையவே இல்லை.

ஒப்பரேசன் செய்த அந்தக் கண் போய்விட்டது. மற்றதில் முன்பே பார்வை மட்டுமட்டுத்தான். "நானும்தானே கைய விட்டன்" என்கிறாள். திட்டித் தொலைத்திருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது கிளினிக்குக்கு இருவரும் பஸ்ஸில் போகிறோம்.

"கோயில் வந்தாச் சொல்லு தம்பி."

சொல்வேன். ஒரு கையால் மட்டும் கும்பிடுவாள். மற்றக் கை என் கையை இறுகப் பிடித்திருக்கும்.