ரசமட்டம் வைத்துப் பொருத்திய ஜன்னல்

வலியசாலையில் எனக்கு ஓர் அலுமினியப் பட்டறை இருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் ஸ்லைடிங் ஜன்னல் செய்வது என் பிழைப்பு. படகு வேலையை நான் ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது.

வேளிக் காயலில் ஒரு டாக்டருக்குப் பழைய மோட்டார் படகு உண்டு. உள்ளே சோபாவும் படுக்கையும் போட்ட சொகுசுப் படகு. அதை ஓட்டும் ஸ்ராங்கு குளச்சல்காரர், அறுபதை நெருங்கியவர். படகின் பராமரிப்பும் அவர் பொறுப்புதான். ஜன்னல் ஒழுகியதால் போன வருஷம் சர்க்கார் அதிகாரி செய்த சோதனையில் படகு தேறவில்லை. இந்தத் தடவையும் தேறாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வயதில் யார் அவருக்கு வேறு படகு தரப்போகிறார்கள்? அவர் நேரே என்னிடம் வந்தார்.

"எம் மக வீட்டுல நீங்க வச்ச ஜன்னல் ஒரு சொட்டு உள்ள விடல மேஸ்திரி. டாக்டர்ட்ட உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன்."

அந்தப் புகழ்ச்சியில் விழுந்தேன். படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். மழைத்தண்ணீர் தளத்தில் தேங்காமல் பின்பக்கம் ஓட வேண்டும் என்று மூக்கைச் சற்று உயர்த்தி வைத்திருந்தார்கள். பழைய சட்டத்தைக் கழற்றவே இரண்டு நாள் போயிற்று. உப்புக் காற்றில் இறுகிய திருகாணிகள் தலை தலையாக முறிந்தன. அடியில் இருந்த பிளைவுட் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. ஒரு மூலைகூடச் சதுரமில்லை. இடது ஜன்னல் அளவு வலது ஜன்னலுக்குச் சேரவில்லை. இதைக் கட்டியவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

புதுச் சட்டத்தை வைத்ததும் என் கை தானாக ரசமட்டத்தை எடுத்தது. முப்பது வருஷப் பழக்கம். குமிழி நடுவில் நிற்கவில்லை. சட்டத்தின் பின்முனைக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கட்டை கொடுத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். தளத்தில் தண்ணீர் பின்பக்கம் ஓடுவதைப் பார்த்து, வடிகால் துளைகளையும் பின்முனையிலேயே போட்டேன். ஆறு ஜன்னலுக்கும் இதேதான்.

ஸ்ராங்கு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இது தண்ணியில கெடக்குற சாதனம் இல்லியா? கரையில மட்டம் பாத்தா சரியாவுமா?"

"அண்ணாச்சி, ஜன்னல் வைக்கது நானா நீங்களா?" என்றேன்.

சோதனை நாளன்று காலையில் படகைக் காயலில் இறக்கினார்கள். உயர்ந்திருந்த மூக்கு இறங்கிப் படகு மட்டமாக நின்றது. என் ஜன்னல்கள் ஆறும் முன்பக்கம் சாய்ந்தன. யாரும் தொடாமலே கண்ணாடிகள் முன்னால் ஓடிப்போய் இடித்தன. அதிகாரி ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். வடிகால் துளைகள் மேடான பின்முனையில் சும்மா இருந்தன. தண்ணீர் முன்முனையில் தேங்கி நிரம்பி, சோபா மேல் வழிந்தது. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்ராங்கிடம் திரும்பி மலையாளத்தில் கேட்டார்.

"நிங்கள் கொண்டுவந்ந ஆளல்லே?"

"அதெ சாரே. கரையில வச்சு மட்டம் பாக்கச் சொன்னதும் ஞான் தன்னெ. மேஸ்திரி மேல தப்பில்ல."

பச்சைப் பொய். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் இவரைக் கேட்டேனா? கோபம் கோபமாக வந்தது. ஆனால் 'அவர் பேச்சை நான்தான் கேட்கவில்லை' என்று டாக்டரிடம் சொல்லாமல், உளியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

மறுநாளே போய் ஜன்னல்களுக்கு அடியில் கொடுத்த கட்டைகளை உருவினேன். ரசமட்டத்தைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு, படகின் கைப்பிடிக் கம்பிக்கு இணையாக நூல் பிடித்து ஆறு ஜன்னலையும் மாற்றி வைத்தேன். துளைகளை இரண்டு முனையிலும் போட்டேன். அடுத்த சோதனையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

அப்போதுதான் டாக்டரிடம் வாய் திறந்தேன். "சார், அன்னைக்கி அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

டாக்டர் புது ஜன்னல் ஒன்றை விரலால் தள்ளிப் பார்த்தார். அது வைத்த இடத்தில் நின்றது.

"இதொக்கெ அன்னு பறயண்டே?" என்றார். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கிறார்.

சுக்கான் பக்கம் பார்த்தேன். ஸ்ராங்கு நிற்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.