மூசகாவில் ஏறிய உப்பு

அபுதாபியில் எலெனி என்ற கிரேக்கப் பெண்மணி ஒரு சிறிய உணவகம் நடத்துகிறார். அங்கே தலைமைச் சமையல்காரன் சிவகங்கை உமாபதி. முன்பு முசஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் சைவ அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவன். ஆலிவ் எண்ணெயைத் தவிர பூண்டு, எலுமிச்சை, கத்திரிக்காய், தயிர் எல்லாம் நம்ம சாமான்தானே என்று துணிந்து உள்ளே நுழைந்துவிட்டான். ஒரிகானோ இலையை மோந்து பார்த்து, ஓமவல்லிக்குத் தூரத்துச் சொந்தம் என்று முடிவு கட்டினான். பிழைக்கத் தெரிந்த ஆள்தான்.

கார்த்திகை பிறந்ததும் வழக்கம்போல ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். மெஸ்ஸில் அது தொந்தரவாக இருந்ததில்லை. இங்கேயோ ஆட்டுக்கறி கொத்தாமல் பொழுது விடியாது. சமைப்பது தொழில், நாக்கில் வைத்தால்தான் விரதம் கெடும் என்று அவனே தீர்ப்பு சொல்லிக்கொண்டான். ஆனால் கறியை ருசி பார்க்காத சமையல்காரனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வேலை போனால் விசாவும் போய்விடும். பயத்தில் மாலையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி போனில் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு மாலை போட்டுட்டு அத ஒளிச்சு வேற வைப்பீங்களா? வாயத் தொறந்து அந்தம்மாகிட்டச் சொல்லிப்புடுங்க."

"சும்மா இரு. மத்தியானம் மேடம் எப்படியும் ருசி பாப்பாங்க. கூடக் குறைய இருந்தா அவங்க சொல்லிருவாங்க," என்றான்.

அந்த வாரம் புதுச் சீஸ் வந்திறங்கியது. பழையதைவிட அதில் உப்பு அதிகம். அது தெரியாமல் மூசகா என்ற கிரேக்கப் பதார்த்தத்துக்குக் கத்திரிக்காயை அடுக்கி, கொத்துக்கறியைப் பரப்பி, பால் சாஸை ஊற்றி, கை வழக்கப்படி உப்பும் போட்டு, மேலே சீஸைத் தூவி ஓவனில் வைத்தான். மத்தியானம் போன தட்டுகள் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன.

எலெனி ஒரு தட்டோடு சமையலறைக்குள் வந்தார். அவருடைய ஆங்கிலமும் உமாபதியின் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று இளைத்ததல்ல. "சாப்பிடு. நீயே சாப்பிட்டுப் பார்," என்று ஸ்பூனை நீட்டினார்.

உமாபதி ஸ்பூனை வாங்கவில்லை. இனி மறைத்துப் பயனில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்றி மாலையைக் காட்டினான். "மேடம், சாமி விரதம். கறி மாஃபி, கிடையாது. நீங்க ருசி பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

எலெனி திகைத்துப் போனார். "நானா? எங்களுக்கும் விரதம். கிறிஸ்துமஸ் வரை கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. நீ பார்க்கிறாய் என்று நான் நினைத்தேன்!"

பரிமாறுகிற எகிப்துக்காரர் யஹ்யா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். முதலில் எலெனிதான் சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்த உமாபதியும் பிறகு சேர்ந்துகொண்டான்.

மறுநாளே விரதச் சாப்பாடு என்று தனி மெனு போட்டார்கள். தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ், அரிசி பொதிந்த திராட்சை இலை, எலுமிச்சை பிழிந்த கீரைச் சோறு. கறியை ருசி பார்ப்பது யஹ்யாவின் பொறுப்பாயிற்று. அவரும் ஒன்றும் வருத்தப்படவில்லை.

பீன்ஸ் சட்டியில் ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்து ருசி பார்க்கும்போது எலெனி சொன்னார்: "அடுத்த வருஷம் ஞாபகம் வை. நவம்பரில் யஹ்யாவுக்கு லீவு கொடுக்கவே கூடாது."

அடுத்த வருஷம் என்று சொன்னது மட்டும்தான் விசாவுக்குப் பயந்திருந்த உமாபதியின் காதில் விழுந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று எலெனி இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.