நடுவர் முன்ஜியின் வீங்கிய கண்கள்

துனீசியாவின் காபெஸ் நகரத்துத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் முன்ஜிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர். அன்று அவர் பேட்டை அணிகளின் கால்பந்து நடுவர். இருபத்தாறு வருஷமாக ஊரே திட்டியும், கொடுத்த தீர்ப்பை ஒருமுறைகூட மாற்றியதில்லை. அதனாலேயே, ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது மனைவி சலூஹாவிடம்கூட மூச்சுவிடவில்லை. எந்தக் கூச்சலுக்கும் அசராத மனுஷன் என்ற பேர் என்னாவது? மாத்திரைகள் அலுவலக மேஜை இழுப்பறைக்குள் ஒளிந்துகொண்டன.

நான்காம் நாள் காலை கண்ணாடி முன் நின்றவர் திடுக்கிட்டார். இமைகள் இரண்டும் உப்பி, நடுவே கீற்றாகத்தான் கண் தெரிந்தது.

"கண்ணு பட்டிருக்கு. எதிர் வீட்டுக்காரியோட வேலதான்!" என்று சலூஹா கனலில் படிகாரத்தைப் போட்டுப் புகை காட்டினாள். கண் இன்னும் எரிந்ததுதான் மிச்சம்.

இருவரும் மருந்துக்கடைக்குக் கிளம்பினார்கள். வழியில் மீன்காரன் ஹெடிலி மறித்தான்.

"என்ன முன்ஜி அண்ணே, அண்ணி கை வெச்சுட்டாங்களா? இல்ல, போன வாரம் தப்பா குடுத்த பெனால்ட்டிய நெனச்சு அழுதீங்களா?"

முன்ஜி நடையை எட்டிப்போட்டார். வேடிக்கை பார்க்க அவனும் கூடவே வந்தான்.

மருந்துக்கடைக்காரி ரவுதா முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்: "புதுசா ஏதாவது மாத்திரை போடுறீங்களா?"

முன்ஜி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேல் உதடும் தடிச்சிருக்கு. இது வெளையாட்டில்ல."

உதட்டைத் தொட்டுப் பார்த்தவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தீர்ப்பை மாற்றினார். "பிரஷருக்கு ஒண்ணு... மூணு நாளா."

மாத்திரையின் பேரைக் கேட்டதும் ரவுதா தலையாட்டினாள். "இது சிலருக்கு முகத்த வீங்க வெச்சிடும். இனி அதத் தொடாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தொண்டைக்குள்ள வீங்கினா ஆபத்து."

ஹெடிலியின் சிரிப்பு நின்றது. ஓடிப்போய்த் தன் மீன் வண்டியை எடுத்து வந்தான்.

வழி நெடுக சலூஹா அவர் கையை விடவில்லை, வாயையும் மூடவில்லை. "பாவம், எதிர் வீட்டுக்காரிய அநியாயமா திட்ட வெச்சுட்டீங்களே!"

மாலைவரை படுக்க வைத்து ஊசி போட்டு, வேறு மாத்திரைக்கு மாற்றி அனுப்பினார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. ரகசியமும் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெனால்ட்டிக்கு விசில் ஊதியதும் கூட்டம் கத்தியது: "மாத்திரை போட்டாச்சா அண்ணே?"

"காலையிலேயே போட்டாச்சு," என்றார் முன்ஜி. "பந்த வைங்கடா!"