தூக்கி வைத்த கால்

கணுக்காலுக்கு மேல் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. களிம்பு தடவிச் சலித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை நிற்கவைத்துப் பார்த்தார். நரம்பு சுருண்டு ரத்தம் கீழேயே தேங்குகிறது என்றார். இறுக்கிக் கட்டுப் போட்டு, காலை உயர வைத்துப் படுக்கச் சொன்னார்.

அதுதான் என்னால் முடியவில்லை. வருகிறவர்கள் முகத்துக்கு நேராகக் காலை நீட்டக் கூசி, எழுந்து நின்றுவிடுவேன். அடுத்த முறை கட்டைப் பிரித்த டாக்டர், "புண்ணு பெருசாயிருக்கே" என்றார்.

"யாரு வந்தாலும் எழுந்து நின்னுக்கினா எப்டிங்க ஆறும்?" என்று என் மனைவி போட்டுக்கொடுத்தாள்.

அன்று சாயங்காலம், நான் கரும்பு வெட்டும் நிலத்துக்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார். தலையணைமேல் இருந்த காலை இறக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கிக்கினு இருக்காருங்க" என்றாள் மனைவி.

அவர் போன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அப்படித் தூங்கித் தூங்கித்தான் புண் ஆறியது.