நிஹார் மாஷியின் வாசல் மண்

2006 ஜூன் 27: ஒரு பிடி.
2007 ஜூலை 16: ஒரு பிடி.
2008 ஜூலை 4: ஒரு பிடி.
2009 ஜூன் 24: இல்லை.
2009 ஜூன் 30: இல்லை.
2009 ஜூலை 11: இல்லை.

நிஹார் மாஷி மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்க்கிறாள். சிவப்பு போதவில்லை என்றால் கொண்டுவந்தவளிடமே திருப்பி நீட்டிவிடுவாள். "இத வெட்டுறதுக்கு எங்கிட்ட அரிவாள்மணை இல்லடி. பூனைதான் இருக்கு. கூப்பிடவா?" மூன்று பூனைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். எது வந்தாலும் தலையைத் தின்றுவிட்டுத்தான் போகிறது, தனித்தனிப் பெயர் எதற்கு என்பாள்.

வயது அறுபத்திரண்டு. கல்கத்தாவின் வடக்கே, ஷிப்தலாவை ஒட்டிய பேல்தலா சந்தில் 14/2 எண் வீடு. அந்தச் சந்தில் இருபத்தாறு வீடுகள்; அத்தனைக்கும் அவள் மாஷி, அதாவது சித்தி. எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வது ஒரே தொழில். நாற்பத்தைந்து வயது வரை அவளும் அதைத்தான் செய்தாள். மறைத்ததில்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. இப்போது காலையில் சந்து முழுவதற்கும் மீன் வெட்டித் தருகிறாள். கூலி, மீன் தலை. ரோகு மீனின் தலையைப் பருப்பில் போட்டு அவள் வைக்கும் குழம்பின் வாசனை பெரிய தெரு வரை வரும். அங்கே எதிர்ப்படுபவர்கள் அவளைத் தெரியாதவர்கள்போல நடப்பார்கள். அவளும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை.

ஷிப்தலா துர்கா பூஜைக் கமிட்டியின் பேரேட்டை நாற்பத்தொரு ஆண்டுகளாக நான் எழுதுகிறேன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்ததால் எல்லோருக்கும் நான் முகுரி பாபு. அம்மன் சிலைக்கான களிமண்ணில் இந்தச் சந்தின் வாசல் மண் ஒரு பிடியாவது சேரவேண்டும். ரத யாத்திரை அன்று புரோகிதர் நேரில் போய்க் கையேந்திக் கேட்க, அந்த வீட்டுப் பெண் மனமுவந்து தன் கையால் எடுத்துப் போடவேண்டும். 1931 முதல் இப்படித்தான். பேரேட்டில் தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது. கொடுத்தவர் பெயருக்கு என் தந்தையும் இடம் விடவில்லை, நானும் விடவில்லை.

2003இல் சந்து முழுக்க சிமென்ட் போட்டார்கள். அதன்பின் அங்கே மிஞ்சிய மண், நிஹார் மாஷியின் வாசலில் இருக்கும் துளசித் தொட்டியில் மட்டுமே.

2009 ரத யாத்திரை அன்று புரோகிதர் தாராபத பட்டாச்சார்யா, காரியதரிசி நவகுமார் ஸாஹா, நான், மூவரும் போனோம். புரோகிதர் மேல்துண்டை விரித்து, "அம்மா, ஒரு பிடி மண் பிச்சை" என்றார். அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மண்ணு ஏன் புண்ணியம், டாகுர் மஷாய்?"

உள்ளே போகிறவன் தன் புண்ணியத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று புரோகிதர் வழக்கமான விளக்கத்தைச் சொன்னார்.

"அப்ப இத்தன வருஷத்துல இங்க மலையே நிக்கணுமே. சிமென்ட்டுக்காரன் அள்ளிட்டுப் போய்ட்டானோ?"

பிறகு நிதானமாகத் தன் நிபந்தனையைச் சொன்னாள். "அஷ்டமி காலையில நானும் எல்லாரோடயும் நின்னு பூப் போடணும். வீட்டுக்கு வீடு அழைப்புக் கடிதம் அனுப்புறீங்கல்ல? அதுல ஒண்ணு என் பேருக்கு, என் கதவு நம்பருக்கு வரணும். வந்தா மண்ணு. மிரட்டல் இல்ல பாபு. மனசு வந்து குடுக்கணும்னு நீங்கதான சொல்றீங்க? மனசு வரல."

ஜூன் 30 அன்று முதல் கடிதம் போனது: 'பேல்தலா சந்து மகளிர்க்கு'. அவள் அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "மகளிர்னு இங்க யாரும் குடியில்லையே. அடுத்த தெருவுல விசாரிச்சுப் பாருங்க."

ஜூலை 11 அன்று இரண்டாவது. பெயர் இருந்தது, கதவு எண் இருந்தது. நேரம் இரவு பதினொன்றுக்குமேல், கூட்டம் கலைந்த பிறகு என்றிருந்தது. அவள் சிரித்தாள். "பதினோரு மணி, ஆம்பளைங்க எங்க வாசலுக்கு வர்ற நேரம். நாங்க சாமிகிட்டப் போற நேரம் இல்ல, முகுரி பாபு." பேரேட்டில் மறுபடியும் 'இல்லை' என்று எழுதினேன்.

காரியதரிசி இதே தொழில் நடக்கும் மற்றச் சந்துகளுக்கும் ஆளனுப்பினார். எல்லா வாசலிலும் ஒரே பதில்: நிஹார் மாஷியிடம் கேளுங்கள். ஒருநாள் விடியற்காலையில் அவள் கங்கைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஸாஹாவே துளசித் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துவந்தார். புரோகிதர் அதைத் தொடவில்லை. "யார் கையால குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். ஸாஹா தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மண் கமிட்டி அறையின் ஜன்னல் திட்டில் ஒரு வாரம் கிடந்து, பெருக்கும்போது போயிற்று.

மழை விடவில்லை. சிலைக்காரர் வைக்கோல் உடலைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆகஸ்ட் நடுவுக்குள் களிமண் பூசாவிட்டால் காயாது, வேறு சிலைக்காரரைப் பாருங்கள் என்றார். கமிட்டி கூடியபோது, மண் இல்லாமல் பூஜைக்கு உட்காரமாட்டேன் என்றார் புரோகிதர். நம் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் அவள் நிற்பதா என்று ஸாஹா கேட்டார். "நிக்கட்டுமே. அவங்க பக்கத்துல நம்ம வீட்டு ஆம்பளைங்க நிக்கலியா?" என்றார் புரோகிதர். கைதூக்கச் சொன்னார்கள். அழைக்கலாம் என்று ஒன்பது, கூடாது என்று ஆறு. அந்த ஒன்பதில் என் கையும் ஒன்று.

மூன்றாவது கடிதத்தைக் கொண்டுபோனபோதும் மூவராகத்தான் போனோம். அவள் சாம்பல் போட்டுக் கை கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, திரும்பவும் கழுவினாள். ஸ்ரீமதி நிஹார்பாலா, 14/2, பேல்தலா சந்து. அஷ்டமி, காலை எட்டு நாற்பது, முதல் வரிசை. கீழே அச்சகத்தின் பெயர் வரை படித்தாள். கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தொட்டியிலிருந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, புரோகிதரின் துண்டில் சிந்தாமல் போட்டாள். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் பேரேட்டைத் திறந்தேன். அவள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். மண் ஒட்டிய விரல்களோடு, ஓரத்து வெற்றிடத்தில் அழுத்தி, தன் பெயரை முழுதாக எழுதினாள். அதன் கீழே: கடிதம் வந்தது, 2009 ஆகஸ்ட் 14.