வெறுந்தொட்டில் ஆடிய பிற்பகல்

பந்திங் தோட்டத்து லயத்தில், தரையோடு ஒட்டிய வரிசை வீட்டில், பிறந்த பவுனம்மாளுக்கு நகரத்துச் செந்தூல் அடுக்குமாடியின் பதினாலாவது மாடி கடைசிவரை பழகவில்லை. துணி உலர்த்தும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கம்பை வெளியே நீட்டுவாள். புருஷன் நாகையா லோரியோடு கிளம்பிவிட்டால், அந்த உயரத்தில் அவளுக்குத் துணை அடுத்தவர் பிள்ளைகள். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. பவுனம்மா கையிலிருந்து ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாரும் சொல்வது.

எண்பதுகளின் நடுவில் அவளிடம் வளர்ந்தவன் பாலன். தவமிருந்து, வைத்தியம் பார்த்து, நம்பிக்கையே போன பிறகு கனகேஸ்வரி டீச்சருக்குப் பிறந்த ஒரே பிள்ளை.

ஒருநாள் மதியம் தூங்கி எழுந்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் கலக்கினாள். திரும்பினால் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அது கூரைக் கொக்கியில் மாட்டிய ஸ்பிரிங் தொட்டில். மேலும் கீழுமாகத்தான் குதிக்கும். இப்போது பக்கவாட்டில், ஆள் நின்று தள்ளுவதுபோல் போய் வந்தது.

பவுனம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். வெறுந்தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது. அதனால்தான் குழந்தையைத் தூக்கியதும் தொட்டில் சேலையை முடிந்துவைப்பாள். இன்று மறந்துவிட்டாள். தலை சுற்றியது, பயத்தால் என்று நினைத்தாள். வாளித் தண்ணீர் தளும்பி வழிந்ததை அவள் பார்க்கவில்லை.

வெளியே தடதடவென்று காலடிகள். செந்தூலில் அப்படி ஓட்டம் கேட்டால் கும்பல் சண்டை என்று அர்த்தம். கதவைத் தாழிட்டாள்.

பிறகு மிளகாயும் உப்பும் எடுத்துப் பாலனை மூன்று தரம் சுற்றி, அடுப்பில் வைத்த பழைய தகரத்தில் போட்டாள். நெடி வரவில்லை. திறந்த ஜன்னல் வழியாகப் புகை காற்றோடு போய்க்கொண்டிருந்தது. அவளோ, நெடி இல்லையென்றால் திருஷ்டி அவ்வளவு கடுமை என்று இன்னொரு பிடி போட்டாள். அதற்கும் வராமல் மேலும் ஒரு பிடி.

கதவு அதிர்ந்தது.

"அக்கா! கதவைத் திறவுங்கோ! பிள்ளை எங்க?"

கனகேஸ்வரி நின்றாள், செருப்பில்லாமல், மூச்சு முட்ட. பின்னால் கீழ்வீட்டுச் சின்னையா படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"கட்டடமே ஆடிருச்சு லா. எல்லாரும் கீழ நிக்கிறோம். ஒங்க வீட்டு ஜன்னல்ல பொகை வருது. டீச்சர் பஸ்ஸ விட்டு எறங்கி அதைப் பாத்துட்டு ஓடி வந்தாங்க," என்றார்.

பவுனம்மாளுக்கு அப்போதுதான் தரை அவள் காலடியில் இல்லை, ஆகாயத்தில் தொங்குகிறது என்று உறைத்தது. கனகேஸ்வரி பிள்ளையைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். பவுனம்மாள் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

திடலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். சுமாத்ராவில் பூகம்பமாம், வீடுகள் இடிந்து ஆட்கள் புதைந்திருக்கிறார்களாம். இங்கே வெறும் ஆட்டம்தானாம்.

"நாங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுறோம், அக்கா மொளகா வறுக்குது," என்றார் சின்னையா. சிலர் சிரித்தார்கள். கனகேஸ்வரி சிரிக்கவில்லை.

"இடிஞ்சிருந்தா என்ர பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும், அக்கா?"



மறுநாள் பாலன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாகையா கேலி செய்து பார்த்தான்: "கடலுக்கு அந்தாண்ட ஆடுனதுக்கு நீ ஏன் இங்க ஆடுற?" அவள் சுவரோரமாகவே நடந்தாள். மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டாலும் வாசலுக்கு ஓடினாள். அந்தத் தீவில் செத்தவர்களின் எண்ணிக்கையை ரேடியோ சொல்லும்போதெல்லாம், அவர்களில் ஒரு சின்ன முகத்தைப் பொருத்திப் பார்த்துவிடுவாள்.

ஒரு காலை கனகேஸ்வரி வந்தாள். தோளில் பாலன், மெலிந்து.

"வேற ஆரிட்டயும் பால் குடிக்கிறானில்லை. உங்களை நம்பித்தான் விடுறன். இன்னொருக்கா ஆடினா என்ன செய்வீங்கள்?"

"தூக்கிக்கிட்டு எறங்கிருவேன், டீச்சர்."

"உங்களுக்குப் படியிறங்கப் பயமெல்லே?"

"பயந்தான். பயந்துக்கிட்டே எறங்குவேன்."

டீச்சர் பிள்ளையை நீட்டினாள்.

அன்றிலிருந்து பாலனைத் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கவைத்தாள். தொட்டில் காலியாக, சேலை முடிந்துவைக்கப்படாமல் தொங்கியது. வெறுந்தொட்டிலை வீட்டில் தொங்கவிடுகிறாளே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். சமைக்கும்போதும் வாசல் பெருக்கும்போதும் அவள் கண் அதன் மேலேயே இருந்தது.

மழை கூடிவந்த ஒரு மதியம் தொட்டில் அசைந்தது. பக்கவாட்டில், லேசாக.

மிளகாய் டின் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. பாலனை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியில் பாய்ந்தாள். மூன்றாவது மாடியில் எதிர்ப்பட்ட சின்னையா, "காத்தடிக்குது லா, அக்கா," என்றார்.

அவள் நிற்கவில்லை.